மேடை ஏறிய கேட்

பல்கலைக்கழகத்தின் பின்பக்க கேட்டை மூடியதற்குக் காரணம் ஒரு சைக்கிள். ஆராய்ச்சி மாணவர் ஒருவருடைய சைக்கிள் காணாமல் போனது. பின்தெருக்காரர்கள்தான் எடுத்திருப்பார்கள் என்று பாதுகாப்பு அதிகாரி விசாரிக்காமலே கண்டுபிடித்தார். கேட்டுக்குப் பூட்டு விழுந்தது. மறுவாரம் அந்தச் சைக்கிள் மாணவர் விடுதியின் மொட்டைமாடியில் கிடைத்தது. அதை அங்கே யார் ஏற்றினார்கள், எதற்கு ஏற்றினார்கள் என்பதெல்லாம் தனியாக ஆராய்ச்சி செய்ய வேண்டிய விஷயம். சைக்கிள்தான் கிடைத்துவிட்டதே, கேட்டைத் திறந்து விடலாமே என்று தெருவிலிருந்து நாலு பேர் போய்க் கேட்டார்கள். "கேட்டை மூடினதாலதான்யா சைக்கிளே கிடைச்சிருக்கு" என்றார் அதிகாரி. இப்படிப்பட்ட மூளையோடு யார் மல்லுக்கட்ட முடியும்? நாலு பேரும் வந்த வழியே திரும்பினார்கள். வந்த வழி என்றால் சுற்று வழி.

பின்தெருவில் தையல்கடை வைத்திருப்பவளை எல்லாரும் தையலக்கா என்பார்கள். அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். கையைத் தூக்கிக்கொண்டு அளவுக்கு நிற்கும்போது எல்லாரும் சின்னப் பிள்ளைகள்தானே. கேட் மூடியதில் தெருவில் எல்லாருக்கும் சிரமம். தையலக்காவுக்கு மட்டும் அது வயிற்றில் கட்டிய நெருப்பு.

அவள் புருஷன் லாரி ஓட்டியவர். லாரி போய்ப் பல நாளாகியும் தெருவுக்கு அவர் 'டிரைவர்'தான். ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பிரஷ் கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் நிமிரவில்லை. வலது பக்கம் வாதம். பெரிய ஆஸ்பத்திரியில் உயிரை மீட்டுக் கையில் கொடுத்துவிட்டு, கால் பயிற்சியைப் பிசியோவில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். நல்லவேளையாகப் பல்கலைக்கழகத்தின் பிசியோ மையம் பின்பக்க கேட்டுக்குள் நுழைந்ததுமே முதல் கட்டடம். டிரைவர், பெண்டாட்டி தோளைப் பிடித்துக்கொண்டு இழுத்து இழுத்துப் போய்வந்தார். மரக்கட்டையாகக் கிடந்த கால், சொன்ன பேச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்கத் தொடங்கிய நேரத்தில்தான் சைக்கிள் தொலைந்தது.

சுற்றிப் போவதென்றால் நடைபாதை இல்லாத பெரிய சாலை. நல்ல காலுள்ளவர்களே அதில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடப்பார்கள். இவரை வண்டியில் ஏற்றி இறக்க இரண்டு ஆள் வேண்டும். தினமும் யார் வருவார்கள்? டிரைவர் வீட்டோடு முடங்கினார். பிசியோ டாக்டரம்மா ஒருநாள் தானே சுற்றி வந்து பார்த்துவிட்டு, "பயிற்சிய விட்டா கால் மறந்துடும்மா. முதல் வருஷம்தான் முக்கியம். அப்புறம் தலைகீழா நின்னாலும் கஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து தையலக்கா தையல் மெஷின் மிதியை அமுக்கும்போதெல்லாம் ஒரே யோசனைதான். இந்தக் கேட்டை எப்படித் திறக்க வைப்பது?

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல அந்தச் சமயத்தில்தான் பேராசிரியை வந்தார். பல்கலைக்கழகத்தையும் மக்களையும் கதைகளால் இணைப்பதற்கு 'கதைப்பாலம்' என்று ஒரு திட்டம். அதற்கு அவர் இயக்குநர். எங்கிருந்தோ பெரிய நிதி வந்திருக்கிறதாம். ஒதுக்கப்பட்டவர்கள் தங்கள் கதையைச் சொல்ல வேண்டும், படித்தவர்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும், அப்படியே எல்லாரும் ஒன்றாகிவிட வேண்டும். மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த அலுவலகத்திலிருந்து புறப்பட்டு, காரில் ஊரைச் சுற்றி, மதிலுக்கு இந்தப் பக்கம் வந்து இறங்கிய பேராசிரியை, "இவ்வளவு தூரத்துல இருக்கீங்களே!" என்று உருகினார்.

தையல்கடையில்தான் முதல் கூட்டம். தெருக்காரர்கள் பத்துப் பேர் துணிமூட்டைகளின் மேல் உட்கார்ந்தார்கள். ஏதோ கணக்கெடுப்பு என்று நினைத்துக் குடும்ப அட்டையோடு வந்தவர்களும் உண்டு. அவரவர் மனதில் இருப்பதைச் சொல்லலாம் என்று பேராசிரியை சொன்னதும் தையலக்கா முந்திக்கொண்டாள்.

"பின்பக்க கேட்டைத் திறந்து விடுங்க மேடம். அது போதும்."

பேராசிரியை கனிவாகச் சிரித்தார். "அது கோரிக்கைம்மா. கோரிக்கைன்னா பதிவாளர் ஆபீஸ்ல குடுக்கணும். எங்களுக்குக் கதைதான் வேணும். அந்த மூடின கேட் உங்க மனசுல என்ன பண்ணுது? அதைச் சொல்லுங்க."

"மனசுல ஒண்ணும் பண்ணல மேடம். எங்க வீட்டுக்காரர் கால்லதான் பண்ணுது."

பேராசிரியையின் பேனா நின்றது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதுதான், இதுதான் கதை!" என்று கூட வந்தவர்களிடம் சொன்னார். தெரு முழுக்கத் தேடிய பொருள் முதல் கடையிலேயே கிடைத்துவிட்ட சந்தோஷம் அவருக்கு. மற்றவர்கள் குடும்ப அட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்கள்.

அழுத பிள்ளைதானே பால் குடிக்கும் என்று தையலக்கா ஒப்புக்கொண்டாள். இதுவரை பூட்டிடம் அழுதாயிற்று, அதிகாரியிடம் அழுதாயிற்று. இனி மைக்கில் அழுது பார்ப்போம், பெரியவர்கள் காதில் விழுந்தால் ஒரு நாளில் திறந்துவிட மாட்டார்களா என்பது அவள் கணக்கு.

ஒத்திகை தொடங்கியது. தினமும் சுற்று வழியில் போய், கேட்டைத் திறந்தால் எட்டிவிடும் இடத்துக்கு வேர்க்க விறுவிறுக்க வந்து சேருவாள். பேராசிரியை கதையை வெட்டினார், ஒட்டினார். சைக்கிள் வேண்டாம் என்றார்; அது சிரிப்பு வரவழைக்கிறதாம், வலியைக் கெடுக்கிறதாம். பாதுகாப்பு அதிகாரி வேண்டாம். எந்தத் தனி மனிதரையும் குறை சொல்லக் கூடாதாம். "திறந்து விடுங்க" என்ற வரி வேண்டவே வேண்டாம். அது கேட்பவர்களைச் சங்கடப்படுத்துமாம். அதற்குப் பதிலாக ஒரு ஜன்னலைச் சேர்த்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி டிரைவர் நாள் பூராவும் மூடிய கேட்டையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

"எங்க வீட்டு ஜன்னல் எதிர்ப்பக்கம் பார்த்து இருக்கு மேடம். அதுல பார்த்தா சாக்கடைதான் தெரியும்."

"உணர்வுதாம்மா முக்கியம். திசை முக்கியமில்ல."

இடுப்பைப் பிடித்து, கழுத்தை இறக்கி, கையைக் குறைத்து, கடைசியில் யாருக்கு அளவெடுத்தோம் என்றே தெரியாமல் போன சட்டை மாதிரி ஆயிற்று கதை. தையலக்காவுக்கு இது புதிதில்லை. வாடிக்கையாளர் கேட்டபடி தைத்துக் கொடுப்பதுதானே தொழில். கேட் திறந்தால் சரி என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மேடைக்கு ஒரு கேட் வேண்டும் என்ற பேச்சு அப்போதுதான் எழுந்தது. தச்சர் வந்து, பலகையில் அச்சு அசலாகச் செய்து, துருப்பிடித்த மாதிரி வர்ணமும் அடித்துத் தருகிறேன் என்றார். பேராசிரியை பதறிப்போனார். மக்களுடைய உண்மையான வலியைப் பலகையில் செய்வதா? "போலியா எதுவும் இந்தத் திட்டத்துல இருக்கக் கூடாது. எனக்கு அந்தக் கேட்டே வேணும்" என்று ஒற்றைக் காலில் நின்றார்.

பாதுகாப்பு அதிகாரி முடியவே முடியாது என்றார். துணைவேந்தர் கொடுக்கலாம் என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். ஆனால் இங்கே சாமி கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டதால் பூசாரி வழிக்கு வந்தார். அவர் போட்டது ஒரே நிபந்தனை. பல்கலைக்கழகச் சொத்து, ஒரு கீறல் விழக் கூடாது. பின்பக்க கேட்டுக்கென்று நியமித்த காவலாளி கேட்டைவிட்டு ஒரு நிமிஷமும் அகலக் கூடாது.

உத்தரவு என்றால் உத்தரவுதான். ஒரு திங்கட்கிழமை காலை நாலு ஆட்கள் வந்து கீல்களைக் கழற்றி, கேட்டைத் தூக்கித் தள்ளுவண்டியில் படுக்க வைத்து அரங்கத்துக்குக் கொண்டு போனார்கள். கேட்டைக் காவல் காக்க வேண்டிய காவலாளி, நாற்காலியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கேட்டின் பின்னாலேயே போனார். அரங்க மேடையில் கேட்டை நிறுத்தினார்கள். பக்கத்தில் நாற்காலியைப் போட்டு அவரும் உட்கார்ந்தார். அன்றிலிருந்து தினமும் மாலையில் பாதுகாப்பு அலுவலகத்துக்கு, 'பின்பக்க கேட் பத்திரமாக உள்ளது' என்று தகவல் போயிற்று. அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் கிடையாது.

மதிலில் ஆள் உயர ஓட்டை.

தெருவே கூடி நின்று அதைப் பார்த்தது. யாரும் கிட்டப் போகவில்லை. இதில் ஏதோ சூது இருக்கிறது, காலை வைத்தால் பிடித்துக்கொள்வார்கள் என்று எதிர்வீட்டுக்காரி சொன்னாள். அதிகாரி அனுப்பிய ஆள் வந்து குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டி, 'வழி இல்லை' என்று ஒரு பலகையையும் சாத்திவிட்டுப் போனான். பிறகும் கொஞ்ச நேரம் எல்லாரும் நின்றார்கள். முதலில் உள்ளே போனது ஒரு கோழி. அது போய், எதையோ கொத்தித் தின்றுவிட்டு, சாவகாசமாகத் திரும்பி வந்தது. யாரும் அதைப் பிடிக்கவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்த டிரைவர், பெண்டாட்டியைப் பார்த்து, "அந்தக் கோழிக்கு இருக்குற தைரியம் நமக்கு இல்லையா? தோளைக் குடு" என்றார்.

மறுநாள் அந்தக் கயிறு ஒரு வீட்டில் துணி காயும் கொடியாகியிருந்தது. 'வழி இல்லை' பலகையைச் சாக்கடை மேல் குறுக்கே போட்டுவிட்டார்கள், டிரைவர் கால் வழுக்காமல் தாண்டிப் போவதற்கு.

முதல் நிகழ்ச்சியில் தையலக்கா கேட்டுக்குப் பக்கத்தில் நின்று கதை சொன்னாள். அன்று காலையில்தான் டிரைவர் பிசியோவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தானாக எழுந்து நின்றிருந்தார். அதை நினைத்ததும் அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அரங்கமும் அழுதது. கைதட்டல் ஓயவில்லை. பேராசிரியை அவளைக் கட்டிக்கொண்டார். வந்தவர்கள் வரிசையில் நின்று கேட்டைத் தொட்டுப் பார்த்தார்கள், கம்பியைப் பிடித்து முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு படம் எடுத்தார்கள். "தொடாதீங்க சார், சொத்து" என்று காவலாளி சொல்லிக்கொண்டே இருந்தார். நிகழ்ச்சியை வாரா வாரம் வெள்ளிக்கிழமை நடத்துவது என்று அங்கேயே முடிவாயிற்று.

அன்று வீடு திரும்பும்போதுதான் தையலக்காவுக்கு விஷயம் முழுதாகப் புரிந்தது. கேட் மூடியிருக்கிறது என்று அவள் மேடையில் அழும் வரைக்கும் கேட் மேடையில் இருக்கும். கேட் மேடையில் இருக்கும் வரைக்கும் மதில் திறந்திருக்கும். அழுகையை நிறுத்தினால் கேட் மதிலுக்குத் திரும்பிவிடும்.

ஆகவே அவள் அழுதாள். வெள்ளிக்கிழமை தவறாமல் அழுதாள். வெளியூர்ப் பல்கலைக்கழகங்களிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து கேட்டார்கள். ஒத்திகைக்கு ஓட்டை வழியாக இரண்டு நிமிஷத்தில் வந்து நிற்பவளைப் பார்த்து, "அவ்வளவு தூரம் சுத்தி வந்தும் எவ்வளவு சுறுசுறுப்பு பாருங்க! இதுதான் மக்கள் சக்தி" என்று பேராசிரியை மற்றவர்களுக்குக் காட்டினார். முதல் கூட்டத்துக்குப் பிறகு அவர் பின்பக்கம் வந்து பார்த்ததே இல்லை. பின்பக்கத்தைப் பற்றிக் கட்டுரை எழுதவே அவருக்கு நேரம் போதவில்லை. பாதுகாப்பு அதிகாரிக்கோ தினமும் கேட் பத்திரம். பிசியோ டாக்டரம்மாவுக்கு எல்லாம் தெரியும். நோயாளிகள் திரும்ப வந்துவிட்ட சந்தோஷத்தில் அவர் வாயைத் திறக்கவில்லை.

டிரைவர்தான் முறுக்கிக்கொண்டார். இப்போது ஒரு கையில் தடியோடு தனியாகவே போய்வருகிறார். பழைய மிடுக்கும் கொஞ்சம் திரும்பியிருந்தது. ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைத் தள்ளிவிட்டார்.

"மேடையில என்னைப் பத்தி என்ன சொல்ற?"

"உள்ளதத்தான் சொல்றேன்."

"ஜன்னல் கம்பியப் பிடிச்சிக்கிட்டு நாள் பூரா பார்த்துக்கிட்டே கிடக்கேனாம். எதிர்வீட்டுக்காரி போய்க் கேட்டுட்டு வந்து, கண்ணத் துடைச்சிக்கிட்டே சொல்றா. நான் அவ எதிர்லதான் நிக்கிறேன்!"

"அது அந்த மேடம் போட்ட ஜன்னல். கதைக்கு வேணுமாம்."

"ஜன்னல வேணா வச்சுக்கட்டும். என்னை எதுக்கு அதுல உக்கார வைக்கிறீங்க? நான்தான் நடக்குறேன்ல? அதச் சொல்லேன்."

"சொன்னா மறுநாளே கேட்டக் கொண்டாந்து மாட்டிடுவாங்க. அப்புறம் நெசமாவே ஜன்னல்லதான் உக்காரணும்."

டிரைவர் தள்ளிய தட்டைப் பார்த்தார். "அப்ப நான் நடக்கணும்னா, நான் நடக்கலைன்னு நீ ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியணும்."

"ஆமா."

"நல்ல கூத்துடி இது" என்று தட்டை இழுத்துக்கொண்டார். ஆனால் சரியாகச் சாப்பிடவில்லை.

அவளுக்கு மட்டும் இனித்ததா என்ன? வாராவாரம் கட்டின புருஷனை மேடையில் முடமாக்கிவிட்டு, வீட்டுக்கு வந்து அவர் எட்டு வைத்து நடப்பதைப் பார்க்கும்போது அவளுக்குக் கூசும். வாய் ராசி பலித்துத் தொலைத்துவிடுமோ என்று பயமாகவும் இருக்கும். கதவை மூடிக்கொண்டு, "எல்லாம் பொய்யி, எல்லாம் பொய்யி" என்று மூன்று தடவை சொல்லிக்கொள்வாள்.

ஒருமுறை பேராசிரியையிடமே வாய்விட்டுப் பார்த்தாள். "மேடம், ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். நாளைக்கே அந்தக் கேட்டத் திறந்துட்டாங்கன்னு வைங்க. அப்ப நம்ம கதை?"

பேராசிரியையின் முகம் இழவு சேதி கேட்டவர் முகமாக மாறியது. "ஏன், அப்படி எதுவும் பேச்சு அடிபடுதா?"

"இல்ல மேடம், சும்மா."

"அப்பாடா" என்று மூச்சு விட்டார். உடனே சுதாரித்துக்கொண்டு, "திறந்தா நல்லதுதாம்மா, யார் வேண்டாங்கறது? ஆனா இந்த வருஷம் வேண்டாம். மதிப்பீட்டுக் குழு வருது" என்றார்.

அந்தக் குழுதான் இப்போது எமனாக வந்து நின்றது. நிதி கொடுத்தவர்கள் நேரில் வந்து பார்ப்பார்கள். தேவை இன்னும் இருக்கிறது என்று தோன்றினால் திட்டம் மூன்று வருஷம் நீளும். தேவை தீர்ந்துவிட்டது என்று தோன்றினால் அன்றோடு மூடுவிழா. பாதுகாப்பு அதிகாரி மூடுவிழாவைத்தான் ஆவலோடு எதிர்பார்த்தார். அரங்க நடைவழியில் தையலக்காவைப் பார்த்தவர், "உங்க நாடகம் வெள்ளிக்கிழமையோட முடியுதாமே? திங்கக்கிழமை கேட்ட எடத்துல மாட்டிடுவோம். இந்தத் தடவை பூட்டு இல்ல, வெல்டிங்" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இன்னும் இரண்டு மாதம் விடாமல் பயிற்சி செய்தால் தடியையும் தூக்கிப் போட்டுவிடலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். இப்போது விட்டால் பழைய கதைதான். வெள்ளிக்கிழமை காலையில் தையலக்கா புருஷனிடம் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னாள்: "இன்னிக்கு மட்டும் பிசியோவுக்குப் போயிட்டு நேரா வீட்டுக்கு வந்துடுங்க. அங்க இங்க நிக்காதீங்க. பெரிய மனுஷங்க வர்றாங்க."

"நான் என்ன பெரிய மனுஷங்களக் கடிச்சா வைக்கப் போறேன்?" என்றார் டிரைவர்.

அரங்கம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் துணைவேந்தரும் குழுவினரும். குழுத் தலைவிக்கு நரைத்த முடி, கூர்மையான பார்வை. எதற்கும் தலையை ஆட்டவில்லை. தையலக்கா தொடங்கினாள். மூச்சை எங்கே நிறுத்த வேண்டும், எந்த வரியில் கைக்குட்டைகள் வெளியே வரும் என்பதெல்லாம் அவளுக்கு இப்போது அத்துப்படி. ஜன்னல் வந்தது. கம்பி வந்தது. குழுத் தலைவிகூடக் கண்ணாடியைக் கழற்றினார்.

"லாரி ஓட்டுன மனுஷன். நாடெல்லாம் சுத்துன கால். இன்னிக்கு இந்தக் கேட் வரைக்கும் வர முடியல..." என்று கையை நீட்டியவள் அப்படியே நின்றாள்.

அரங்கின் பின்கதவில் டிரைவர் நின்றுகொண்டிருந்தார். கையில் தடி இல்லை.

பிசியோவில் நடந்தது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. டாக்டரம்மா தடியை வாங்கி வைத்துக்கொண்டு, வாசல் வரைக்கும் நடங்க பார்க்கலாம் என்றாராம். வாசல் வரைக்கும் நடந்தவருக்கு நிற்கத் தோன்றவில்லை. இதை முதலில் அவளிடம் காட்ட வேண்டும் என்று மரத்தடி மரத்தடியாக நடந்து வந்துவிட்டார். அவருக்குப் பெரிய மனுஷர்களும் மறந்துபோனார்கள், கேட்டும் மறந்துபோனது. வழியெல்லாம் இப்படிச் சிரித்துக்கொண்டுதான் வந்திருக்க வேண்டும். முதன்முதல் தனியாக நடந்துவிட்டு யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்க்கும் குழந்தைக்கு வருமே, அப்படி ஒரு சிரிப்பு.

தையலக்காவுக்கு உலகமே மறந்தது. மேடையிலிருந்து குதித்து ஓடி, "நடந்துட்டாரு, பாருங்க, என் வீட்டுக்காரர் நடந்துட்டாரு" என்று கத்த வேண்டும் போல இருந்தது. வாய்கூடத் திறந்துவிட்டது. அப்போதுதான் பின்கதவுக்குப் பக்கத்தில் பாதுகாப்பு அதிகாரி நின்றுகொண்டு போனில் எதையோ பார்ப்பது அவள் கண்ணில் பட்டது. அவர் அன்று சொன்ன வெல்டிங் என்ற சொல் மறுபடி காதில் ஒலித்தது. திறந்த வாயை மூடிக்கொண்டு, தலையை மெல்ல இடமும் வலமும் ஆட்டினாள். யாருக்கும் தெரியாத ஆட்டம், அவருக்கு மட்டும் தெரிகிற ஆட்டம்.

டிரைவர் முகத்திலிருந்த சிரிப்பு இறங்கியது. மலைப்பாதையில் எதிர் வண்டியின் விளக்கைப் பார்த்தே ஒதுங்கத் தெரிந்தவருக்குப் புரிந்துகொள்ள நேரமாகவில்லை. சுற்றும் முற்றும் பார்த்தார். எல்லாரையும் உள்ளடக்கிய அரங்கம் என்று காட்டுவதற்காகக் கதவோரம் ஒரு சக்கர நாற்காலியை வாங்கி நிறுத்தியிருந்தார்கள். யாரும் உட்காராத நாற்காலி. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. இரண்டு எட்டு வைத்து, அதில் போய் உட்கார்ந்தார். உறை மொறமொறவென்றது. அதற்குப் பிறகுதான் அரங்கம் திரும்பிப் பார்த்தது.

"யாரும்மா அது?" என்று குழுத் தலைவி கேட்டார்.

"எங்க வீட்டுக்காரர்" என்றாள் தையலக்கா.

அரங்கத்தில் ஒரு பெருமூச்சு பரவியது. பாதுகாப்பு அதிகாரி போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு நெற்றியைச் சுருக்கினார். "எப்படி வந்தீங்க?"

"சுத்திதாங்க வந்தேன்" என்றார் டிரைவர். "பெரிய ரோட்டு வழியா. ரெண்டு நல்ல பிள்ளைங்க வண்டியில கொண்டாந்து இந்த நாற்காலியில உக்கார வச்சிட்டுப் போனாங்க. நான் லாரிக்காரனுங்க, ரோடு பழக்கம்தான். வீட்டுக்காரி பேசுறத ஒரு தடவையாவது கேட்டுடணும்னு ஆசை."

பேராசிரியை விம்மியே விட்டார். தானே ஓடிப் போய் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து மேடையில், கேட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். காவலாளி எழுந்து இடம் விட்டார். அவர் தினமும் காலையில் பின்பக்கமாகத்தான் வேலைக்கு வருவார், டிரைவரோடு பேசிக்கொண்டே. இப்போது கேட்டை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். துணைவேந்தர் மேடை ஏறி டிரைவர் கையில் ஒரு பூங்கொத்தைக் கொடுத்தார். டிரைவர் வலது கையைச் சும்மா மடியில் போட்டுக்கொண்டு இடது கையால் வாங்கினார். அந்த வலது கை நேற்று ஊசியில் நூல் கோத்துக் கொடுத்த கை.

குழுத் தலைவி மைக்கை வாங்கினார். இவ்வளவு உண்மையை இதுவரை எந்த மேடையிலும் பார்த்ததில்லை என்றார். தேவை இருக்கிறதா என்று இனி யாரும் கேட்க வேண்டியதில்லை என்றார். திட்டம் மூன்று வருஷம் தொடரும். அது வரைக்கும் இந்தக் கேட் இதே இடத்தில், எல்லாருடைய மனசாட்சியையும் தட்டிக்கொண்டு நிற்கும் என்றார்.

மூன்று வருஷம். தையலக்கா மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஜெயித்தாயிற்று. மூன்று வருஷத்துக்கு மதில் திறந்திருக்கும். மூன்று வருஷத்துக்கு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை இந்த மனிதர் ஜன்னலில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

முதலில் துணைவேந்தர் எழுந்து நின்று கைதட்டினார். பிறகு முன்வரிசை எழுந்தது. பிறகு அரங்கமே திமுதிமுவென்று எழுந்து நின்றது. எல்லாரும் நாற்காலியைப் பார்த்துத் தட்டினார்கள். டிரைவருக்கு அப்படியொரு மரியாதை வாழ்நாளில் கிடைத்ததில்லை. பெரியவர்கள் எல்லாரும் நிற்கும்போது தான் மட்டும் உட்கார்ந்திருக்க அவருக்குப் பழக்கமும் இல்லை. இரண்டு கையும் தாமாகப் பிடிகளுக்குப் போயின. பாதம் தரையில் அழுந்தியது. டாக்டரம்மா சொல்லிக் கொடுத்த மாதிரியே உடம்பை முன்னால் சாய்த்தார்.

இத்தனை மாதமும் அக்குளில் கைகொடுத்து, "எழுந்திரிங்க, எழுந்திரிங்க, உங்களால முடியும்" என்று அவரைத் தூக்கி நிறுத்தியவள் பின்னாலிருந்து அவர் தோளில் கையை வைத்தாள்.

"எல்லாரும் நிக்கிறாங்கடி" என்றார் அவர், மெதுவாக.

"உக்காருங்க" என்று தோளை அமுக்கினாள் தையலக்கா.